நாலாவது போல்ட்

குழந்தைக் கட்டிலுக்கு அத்தான் இரண்டு பூச்சு நீலப் பெயிண்ட் அடித்தார். காய்ந்த பிறகுதான் அது படுக்கையறைக் கதவுக்குள் நுழையாது என்று தெரிந்தது. மருத்துவமனையிலிருந்து அக்கா கைக்குழந்தையோடு கிளம்பிவிட்டாள். வந்து சேர அரை மணி நேரம். அதற்குள் கட்டில் உள்ளே போகாவிட்டால் யார் பேச்சு வாங்குவது என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இல்லை.

பக்கச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். நான்கு ஆலன் போல்ட், தலையில் ஆறு மூலைக் குழி உள்ளவை. ஐந்து எம்எம் சாவி நுழையவில்லை. நான்கு எம்எம் சும்மா சுற்றியது. அத்தான் அங்குல அளவுச் சாவிக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். நுழைந்தது.

"பாத்தியா விஞ்ஞானி, இதுதான்."

பக்கத்தில் நின்ற மச்சினிச்சி பௌதிகம் படித்தவள்; அதனால்தான் அந்தப் பட்டம். போல்ட் தலையின் குழிக்குள் பெயிண்ட் உறைந்து கிடப்பதைப் பார்த்தாள். சொல்ல நினைத்தாள், வாய் வரவில்லை. அத்தான் ஓர் அழுத்து அழுத்தினார். நறுக். ஆறு மூலைக் குழி வட்டமானது.

"மட்டமான போல்ட்டு," என்று சாவியை அடுத்ததில் வைத்தார்.

"நிறுத்துங்க அத்தான்!"

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அத்தான் சாவியோடு நிமிர்ந்தார்.

"அஞ்சுதான் சரி. உள்ள பெயிண்ட் அடைச்சிருக்கு."

"பெயிண்ட்டா? எவன் அடிச்சது?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் சட்டையிலும் நீலம் இருந்தது.

ஊக்கை விரித்துக் குழிகளைச் சுரண்டினாள். ஐந்து எம்எம் அடிவரை இறங்கியது. கெடாத மூன்று போல்ட்டும் மறுபேச்சில்லாமல் கழன்றன.

"இப்ப அந்த இஞ்ச் சாவில அடுத்த சைஸ் குடுங்க. சுத்தியலும்."

"வேணாம்னியே?"

"அது அப்போ."

வட்டமான குழியில் சற்றே பெரிய சாவியை வைத்துத் தட்டி இறக்கினாள். பிடித்துக்கொண்டது. நாலாவதும் முனகிக்கொண்டே வந்தது.

கட்டில் உள்ளே போனது. குழி வட்டமான போல்ட்டுக்குப் பதிலாக, பழைய டப்பாவிலிருந்து அதே அளவில் ஒரு வெள்ளிநிற போல்ட்டைப் போட்டு முடுக்கும்போது வாசலில் கார் நின்றது.

"பரவாயில்லையே, உள்ளயே போட்டாச்சா!" என்றாள் அக்கா.

"அஞ்சு எம்எம் வச்சா அஞ்சு நிமிஷ வேலை," என்றார் அத்தான்.

அக்கா குழந்தையைக் கிடத்திவிட்டுக் குனிந்தாள். "இது ஒண்ணு மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?"

"அத விஞ்ஞானிகிட்ட கேளு. அது எங்க வாயத் திறக்கப்போகுது."

மச்சினிச்சி சாவியைக் கீழே வைத்தாள். முதல் பூச்சிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள்.