நல்ல கை மாறி வர வேண்டிய பேர்

அழகுராஜாவிடம் விற்க ஒரு பேர் இருந்தது. அருப்புக்கோட்டை வத்தல் டாட் காம். திருச்சுழியில் இன்னொருத்தரின் ஜெராக்ஸ் கடை மூலையில் கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறவன், நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த இணைய முகவரியைத் தன் பேரில் பதிந்து வைத்திருந்தான். அதை விற்றால் பஸ் ஸ்டாண்டு எதிரே காலியாகிற அறையில் சொந்தக் கடை போட அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை வரைதான் அறைக்காரர் பொறுப்பேன் என்றிருந்தார்.

முதலில் படித்தவன் புத்தியோடு அருப்புக்கோட்டை வத்தல் வியாபாரிகள் பதினோரு பேருக்கு மெயில் அனுப்பினான். ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை. அருப்புக்கோட்டையில் எந்த முதலாளி மெயில் பார்க்கிறார்! கடைக்கு நேரில் போக வேண்டும். அதுவும் முதல் போணி ஆன பிறகு போக வேண்டும். அதற்கு முன்னால் விலை பேச வந்தவனை எவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்து, தான் வேலை பார்க்கும் மிளகாய் வத்தல் கடைக்கே கூட்டிப்போனவன் கூடப் படித்த ஹரி.

முதலாளி சங்கையா தங்கமான மனுஷராகத்தான் தெரிந்தார். நாற்காலி போடச் சொன்னார். வெளியூர்க்காரன் நம்ம ஊர் வத்தலைத் தேடினால் முதலில் இந்தப் பேரைத்தான் அடிப்பான் என்று அழகுராஜா போனில் காட்டிக் காட்டிச் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். நாற்பதாயிரம் என்றான். முப்பத்தைந்துக்குப் படிந்தது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

அப்புறம் ஆரம்பித்தது விசாரணை. எந்த ஊர் தம்பி? பரளச்சிப் பக்கம். பக்கம் என்றால், ஹரி மாதிரி ஊருக்குள்ளேயா, காலனியா? காலனிதான் என்றான். சங்கையாவின் முகம் மாறவில்லை, சிரிப்பும் குறையவில்லை. அதுதான் கொடுமை.

"தப்பா நினைக்காதீக தம்பி. மொதல்ல ஹரி பேருக்கு மாத்திருங்க. ஒரு மாசம் அவன்கிட்ட கெடக்கட்டும், பெறகு நான் வாங்கிக்கிறேன். கடைக்கு வைக்கிற பேரு, நல்ல கை மாறி வரணும்ல?"

அட, கண்ணுக்குத் தெரியாத, கையால் தொட முடியாத ஒன்று! அதற்கும் தீட்டா? ஹரி தலையைக் குனிந்துகொண்டான். அழகுராஜாதான் கேட்டான்.

"எங்கம்மா ஒங்க குடோன்லதான் பத்து வருசமா காம்பு கிள்ளுது. அந்த வத்தல யாரு கைக்கு மாத்தி விக்கிறீக?"

"வத்தலு வேற, பேரு வேற தம்பி," என்றார் சங்கையா, பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல. அழகுராஜா எழுந்து வந்துவிட்டான்.

பஸ்ஸில் ஏறியதும் ஹரி போன் போட்டான். முதலாளி இன்னும் பத்தாயிரம் சேர்த்துத் தருகிறாராம். வெறும் பேர்தானே, பேசாமல் முடித்துவிடு என்றான்.

"ஏலே ஹரி, ஒன் கை நல்ல கைன்னு அவுக சொன்னப்ப ஒனக்குக் கூசலையாலே?"

கேட்டதோடு அழகுராஜா போனை வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை அந்த அறை ஒரு ரீசார்ஜ் கடைக்காரனுக்குப் போனது. மறுநாள் விடிந்ததும், அழகுராஜாவின் மனசு யாரும் கேட்காமலே நாற்பத்தைந்தாயிரத்தை நினைத்துக்கொண்டது. சங்கையா மேல் வந்ததைவிட இந்த மனசு மேல்தான் அவனுக்கு அதிக வெறுப்பு வந்தது. சீ, என்ன பிழைப்பு.

வீட்டு வாசலில் சங்கையாவின் குடோன் வேன் ஹாரன் அடித்தது. அம்மா சங்கரம்மாள் தூக்குச்சட்டியோடு அவசர அவசரமாக ஓடினாள். போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தான். கடையைப் பூட்டிட்டு வந்துரு என்றுதான் வந்தது, கை நழுவிப் போன அந்த அறையின் நினைப்பில்.

வீட்டில் கடை ஏது? அம்மா அதைக் கேட்கவே இல்லை. வேன் போய்விட்டது.