ஏசியை அணைத்த மத்தியானம்

சிவகாசியில் சங்கரபாண்டியனின் அச்சகத்தில் காலண்டர் டிசைன் முழுவதும் ஆஷ்லினின் பொறுப்பு. ஆடிப் பதினெட்டுக்குள் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் தயாராக வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பழைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. பெரிய படத்தைத் திறந்தால் போதும், உள்ளே பிராசசர் கொதித்து, வேலை ஆமையாக நகர்ந்தது.

"புதுசா நீயே ஒண்ணு சேத்துரும்மா" என்றார் சங்கரபாண்டியன். அச்சகத்தில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

அவள் கேட்ட பாகங்களையெல்லாம் வாங்கித் தந்தவர், பிராசசரின் சூட்டை எப்படித் தணிப்பது என்ற இடத்தில் மட்டும் குறுக்கே வந்தார்.

"மச்சினன் கம்பெனியில தண்ணி ஓடுற கூலிங் போட்டிருக்காக. அதையே போட்டுருவோம். தண்ணிக்கு ஆறாத சூடு உண்டா?"

"அந்தத் தண்ணியும் வாங்குன சூட்ட இந்த ரூம் காத்துலதான் அண்ணாச்சி விடணும். அதுக்குப் பம்பு வேற ஓடணும். சீசன்ல பம்பு நின்னுட்டா, சாமான் வாரவரைக்கும் கையக் கட்டிக்கிட்டு உக்காரணும். காத்துன்னா ஃபேன் மட்டுந்தான். போச்சுன்னா விருதுநகர்ல வாங்கியாந்து நானே மாட்டிருவேன்."

"ஒன் இஷ்டம். படுத்துக்கிருச்சுன்னா ஒன்னயத்தான் கேப்பேன்."

"கேளுங்க."

இத்தனை வருஷத்தில் அண்ணாச்சியிடம் அப்படி ஒரு வார்த்தை அவள் பேசியதில்லை.

அலுமினியத் தகடுகளை அடுக்கிய, செங்கல் அளவு கூலர் ஒன்று வந்தது. ஆஷ்லின் அதைப் பிராசசரின் மேல் பூட்டி, கம்ப்யூட்டர் கேபினெட்டை மேஜையின் மர அறைக்குள் வைத்தாள். வைகாசி வெயில் உச்சியில் நின்ற ஒரு மத்தியானம், அண்ணாச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதல் வேலையாக ஏசியை அணைத்தாள்.

"ஏம்மா, எதுக்கு?"

"கரண்டு போனா ஜெனரேட்டர்ல மிஷினும் கம்ப்யூட்டருந்தான் ஓடும், ஏசி ஓடாதுல்ல? அப்பவும் தாங்குதான்னு பாக்கணும்."

இருப்பதிலேயே கனமான முருகன் காலண்டர் படத்தைத் திறந்து வேலையை ஓடவிட்டாள். திரையின் ஓரத்தில் சூட்டைக் காட்டும் எண் ஏறியது. எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றைந்து. வேலை மந்தமானது.

"தண்ணியே போட்டிருக்கலாமோ?" அண்ணாச்சி மெதுவாகத்தான் கேட்டார்.

ஆஷ்லின் குனிந்து கேபினெட்டின் பின்னால் கையை வைத்தாள். அனல் வந்தது. வந்த அனல் மேஜையின் பின்பலகையில் மோதி, சுற்றிக்கொண்டு மறுபடி முன்பக்கமாகவே உள்ளே போனது. தண்ணீர் போட்டிருந்தாலும் இங்கே இதே கதிதான். ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, மேஜையை இரண்டடி முன்னுக்கு இழுத்தாள்.

எண்பத்தெட்டு. எண்பத்திரண்டு. எழுபத்தொன்பதில் வந்து நின்றது. வேலை தடையில்லாமல் ஓடியது.

அண்ணாச்சியும் எழுந்து வந்து பின்னால் கையை நீட்டினார். "இம்புட்டு சூடா வருதே!"

"வரட்டும் அண்ணாச்சி. உள்ளயே கெடந்தாத்தான் தப்பு."

சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்த அண்ணாச்சி, வாய்விட்டுச் சிரித்தார்.

ஆல்பம் சொன்ன நாளுக்கு முன்பே முடிந்தது. வெளியூர் ஏஜெண்டுகள் வந்தபோது, படங்களைக் காட்டும் முன் அந்தக் கம்ப்யூட்டரைக் காட்டினார் அண்ணாச்சி. "எங்க ஆஷ்லின் சேத்தது. ஏசி இல்லாமலே ஓட்டிக் காமிச்சா." உள் அறையில் அதைக் கேட்ட ஆஷ்லின், மவுஸைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆவணியில் அண்ணாச்சி தன் சொந்த அறைக்கும் ஒரு கம்ப்யூட்டர் கேட்டார். அங்கே இருந்தது குட்டையான சின்னக் கேபினெட். அவள் போய் அளந்து பார்த்தாள்.

"இதுக்குத் தண்ணிக் கூலிங்தான் அண்ணாச்சி. பெரிய கூலர் உள்ள நிக்காது."

"அன்னைக்கி வேண்டாம்னியே?"

"அது வேற ரூம், வேற பொட்டி."

அண்ணாச்சி உடனே கடைக்காரருக்குப் போன் போட்டார். "தண்ணிக் கூலிங் ஒண்ணு அனுப்புங்க. ஏன் எதுக்குன்னு எனக்குத் தெரியாது. ஆஷ்லின் சொல்லிட்டா."

ஆஷ்லினுக்கு வந்த சிரிப்பை அவள் மறைக்கவே இல்லை.