தூள் கழுவிய தண்ணீர்

எத்தாளைக்குப் போகும் வீதியில் உசனார் ஹாஜியாரின் தேங்காய்த் தும்பு மில். அதன் பின்மதிலை ஒட்டி நாலு வீடுகள், நாலுக்கும் ஒரே கிணறு. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்கள். மலையாகக் குவிந்து கிடந்த தும்புத்தூளிலிருந்து அடுப்பெரிக்கும் கேஸ் எடுக்க ஹாஜியார் பெரிய தொட்டியாக ஒரு தாங்கி கட்டியபோது, நாலு வீட்டு அடுப்புக்கும் குழாய் இழுத்துத் தருவதாகச் சொன்னார். கிணறு கெட்டுவிடும் என்று பயந்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தவள், அந்த நாலு வீட்டில் ஒன்றிலிருந்து மில்லுக்கு வேலைக்குப் போன ஸுஹைரா.

தூளையும் சாணியையும் கரைத்துத் தாங்கிக்குள் விட்டார்கள். கேஸ் ஒழுங்காக வரவில்லை. தாங்கி கட்டிய பொறியியலாளர் திரும்ப வந்தார்.

"தூள் மரம் மாதிரி. கிருமிக்கு அதைத் தின்ன ஏலாது. கோஸ்டிக் சோடாவில ஊறவச்சுக் கழுவிப் போடுங்க, இளகிரும்."

அந்த வேலை ஸுஹைராவுக்கு வந்தது. றப்பர் கையுறை போட்டு ஊறவைத்தாள், கழுவினாள். கேஸ் பெருகியது. ஆனால் குழாய் மில்லுக்குள், தும்பு காயவைக்கும் அடுப்புக்குத்தான் போனது. கழுவிய கறுப்புத் தண்ணீர் மதிலுக்குப் பின்னால் மணலில் இறங்கியது.

கொஞ்ச நாளில் கிணற்றுத் தண்ணீர் கையில் சவர்க்காரம் போல வழுக்கியது. பக்கத்து வீட்டு ஸக்கியா ராத்தா வந்து நின்றாள்.

"தொழ வுழூ எடுத்து முகம் கழுவினாக் கண் எரியுது. நீ சொல்லித்தானே நாங்க ஓம் என்டம்."

ஸுஹைரா நேரே ஹாஜியாரிடம் போனாள்.

"கழுவுற தண்ணிக்கு ஒரு சீமெந்துத் தொட்டி கட்டுங்க ஹாஜியார். இல்லாட்டி நான் இந்த வேலை செய்யமாட்டன்."

"கட்டுவம், அவசரப்படாத. முதல்ல உன்ட வீட்டுக்குக் குழாய் இழுத்துத் தாறன்."

"எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும் குடுக்க கேஸ் காணாது."

கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். நடந்ததை ஸக்கியாவிடம் சொன்னபோது, இனி நாலு வீடும் ஒன்றாகப் போய்க் கேட்கலாம் என்று நினைத்திருந்தாள். ஸக்கியா கேட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த கிழமை மதிலுக்கு மேலால் ஒரு குழாய் வந்தது. அது ஸக்கியாவின் குசினி அடுப்புக்குப் போனது. காலையில் ஸுஹைரா விட்ட வேலைக்கு ஸக்கியா மில்லுக்குப் போனாள். ஸுஹைரா கதவடியில் நின்று பார்த்தாள்.

ஒரு பகல் ஸக்கியா கையைத் தாங்கிப் பிடித்தபடி ஸுஹைராவின் வீட்டுக்கு ஓடி வந்தாள். மணிக்கட்டுக்கு மேலே தோல் வெந்திருந்தது.

"சோடா கொதிச்சுத் தெறிச்சிட்டுது. ஒருத்தரும் ஒண்டும் சொல்லித் தரல்ல."

கிணற்றுத் தண்ணீரை ஊற்ற முடியாது. பள்ளிவாசல் குழாயில் பிடித்து வந்த கேன் ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அதைத் திறந்து, கேன் காலியாகும்வரை அந்தக் கையில் ஊற்றினாள் ஸுஹைரா.

"தண்ணிக்குள்ளதான் சோடாவக் கொஞ்சங் கொஞ்சமாப் போடணும். சோடாக்கு மேல தண்ணி ஊத்தப்படாது."

ஸக்கியா தலையாட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்க, கூட்டிட்டுப் போறன்."

"பின்னேரம் போறன். இப்ப தூள் ஊறிக் கிடக்கு," என்றாள் ஸக்கியா. கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு மில்லுக்குத் திரும்பிப் போனாள்.