மூன்றாவது கியர்

அப்படியென்றால் இரண்டும் ஒரே நோய் இல்லையா, இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது தப்பா... டேஷ்போர்டில் அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்ததும், மூன்றாவது கியர் போடும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம்தானே, கியர் பாக்ஸ் போய்விட்டது, அதனால்தான் விளக்கு எரிகிறது என்று வீட்டில் மனைவி மஹ்பூபியிடம்கூட இஷ்தியாக் அகமது சொல்லிவிட்டார். பழைய லாரி, எதுவும் போகக்கூடிய வயசுதான். ஆனால் மெக்கானிக் கோதண்டபாணி ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தான், வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான், ஒயர் முனை ஒன்றைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தான், பச்சையாகப் பூத்துக் கிடந்தது. "உன் தோலுதான் பாய் இதைத் தின்னுட்டிருக்கு. உப்புத் தண்ணி சொட்டிச் சொட்டி ஸ்பீடு சென்சார் ஒயரு போய்ட்டுது பாரு. நல்லவேளை, உன்னைத் தின்னல." ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்குமாக எத்தனை வருஷமாக உப்புப் போட்ட மாட்டுத் தோல் ஏற்றியாகிறது, பலகை இடுக்கில் ஒழுகாத நாள் உண்டா... புது முனை போட்டதும் விளக்கு அணைந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். பட்டறையைவிட்டு எடுத்து ரோட்டில் ஏற்றி மூன்றாவது போட்டார், மறுபடி கரகர. விளக்கும் இல்லை, சத்தம் மட்டும் இருக்கிறது, இப்போது எதைக் காரணம் சொல்வது?

"எறங்கு பாய், நான் ஓட்டுறேன்" என்றான் கூட ஏறி வந்த கோதண்டபாணி. இந்த வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்ததே இல்லை, ரோடு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது, புளிய மரங்கள் ரொம்பக் கிட்டத்தில் போயின. இரண்டு, மூன்று... சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக் காத்திருந்தார், வரவில்லை. நான்கு. திரும்ப மூன்று. வரவில்லை. வந்துவிடேன் என்று உள்ளே கெஞ்சுகிற மாதிரி இருந்தது, இதற்கெல்லாமா கெஞ்சுவார்கள்? "நல்லாத்தானே விழுது? உன்கிட்ட மட்டும் இன்னா அடம் பிடிக்குது? பழைய தோஸ்த்துன்னு செல்லமா?" சிரித்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான், "கிளட்ச்சை முழுசா மிதிக்கிறியா இல்லையா பாய்?" மிதிக்கிறேனே, இடது காலால் அடிவரைக்கும் மிதிக்கிறேனே... மிதிக்கிறேனா? அடி வந்துவிட்டதென்று எதை வைத்துத் தெரிந்துகொள்கிறேன்? போன வாரம் தோல் பதனிடும் ஷாப் வாசலில் வாட்ச்மேன் பின்னாலிருந்து கூப்பிட்டான், பாய், செருப்பு, செருப்பு என்று, திரும்பிப் பார்த்தால் இடது செருப்பு அங்கேயே கிடக்கிறது, இவர் பாட்டுக்கு வந்திருக்கிறார். அதற்கு முன்னால் அதே இடது குதிகாலில் அந்தக் கொப்புளம், எப்போ ஆச்சு இது என்று மஹ்பூபி கேட்டதற்கு, உப்பிலேயே நின்றால் எல்லாருக்கும் மரத்துத்தான் போகும் என்றார். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றாள், லோடு இருக்கு என்றார். அப்புறம் அவள் கேட்கவில்லை. உப்புதான்... ஆனால் வலது காலும் அதே உப்பில்தானே நின்றது?

வண்டி என்றால் இங்கே விட்டுவிட்டுப் போகலாம், கழற்றுவான், மாட்டுவான். கால் என்றால்? இந்த ஸ்டியரிங்கை யாரிடம் கொடுப்பது, கொடுத்துவிட்டு நான் எங்கே உட்காருவது, இதோ இந்தப் பக்கமா... ரொம்ப அசதியாக இருந்தது. பட்டறை வந்தது, கோதண்டபாணி இன்ஜினை அணைத்தான். "கியர் பாக்ஸ்ல ஒண்ணுமில்ல பாய். தாராளமா எடுத்துட்டுப் போ."

"எதுக்கும் எறக்கிப் பாரேன்."

"எறக்கினா ரெண்டு நாள் வண்டி நிக்கும். நல்லா இருக்கிறதை எதுக்கு பேஜார் பண்றே?"

"நிக்கட்டும். உள்ள ஏதாவது இருக்கும். நீ பாரு."

அவன் இவர் முகத்தைப் பார்த்தான். பிறகு கேபின் தரையைக் காட்டி, "சரி, அந்த ஸ்பேனரை எடு, அது மேல கால் வச்சிருக்கியே" என்றான். எந்த ஸ்பேனர்? இஷ்தியாக் குனிந்தார். இடது பாதத்துக்கு அடியில் கிடந்தது. காலை எடுத்தார். எடுத்தோமா என்று இன்னொரு முறை குனிந்து பார்த்துக்கொண்டார்.