மேசை இருந்த இடம்

உலகத்தில் பாதிப் பேர் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கிறவர்கள், மீதிப் பேர் அவர்களுக்கு உடந்தை. ரயிலில் பரிசோதகராகவே காலம் தள்ளி ஓய்வு பெற்ற டிக்கெட்டம்மா மனிதர்களைப் பற்றி எடுத்திருந்த முடிவு அது. கண் அழுத்த நோய் வந்து பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிற அளவுக்கு வெளிச்சம் மட்டும் மிஞ்சியபோதும் அந்த முடிவை அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

மாடியில் சின்ன வீடு. தனியாகத்தான் இருந்தாள். ஊரின் மறுகோடியில் இருந்த மகன், "என்கூட வந்துடும்மா" என்று நச்சரிக்காத நாளில்லை. போனால் ஒரு மூலையில் உட்காரவைத்து வேளாவேளைக்குத் தட்டை மடியில் வைப்பார்கள். அந்தப் பிழைப்பு அவளுக்கு வேண்டாம். கடைசியில் இருவரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பார்வை போனவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் சங்கத்திலிருந்து ஒருவர் வருவார். தனியாக இருக்கலாம் என்று அவர் சொன்னால் இருக்கலாம். இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் மூட்டை கட்ட வேண்டும்.

சங்கம் என்றாலே அவளுக்கு இளக்காரம். முன்பு வேறொரு சங்கத்துக்காரர்கள் அவளை மேடையேற்றி, கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, ஒரு போர்வையைக் கையில் திணித்து, "கொஞ்சம் கேமராவைப் பாருங்க" என்றார்கள். "பாக்க முடிஞ்சா நான் ஏன்டா இங்க வரேன்?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டு இறங்கி வந்தாள். போர்வையை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பயிற்சியாளர் வருகிற அன்று காலை, எதிர்வீட்டுக்காரியோடு அவள் கண் மருத்துவமனைக்குப் போயிருந்த நேரத்தில், மகன் ஒரு நல்ல காரியம் செய்தான். அம்மா ஆசைப்பட்டபடியே இதில் தேறிவிட வேண்டும், எதிலும் இடித்துக்கொண்டு அசிங்கப்பட்டுவிடக் கூடாது என்று சோபா, மேசை, அலமாரி எல்லாவற்றையும் ஆள் வைத்துக் கீழே இறக்கிவிட்டான். படித்த பிள்ளை. மூளை இருக்க வேண்டிய இடத்தில் முழுக்கப் பாசம்தான் இருந்தது.

டிக்கெட்டம்மா வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள். சோபாவின் முதுகு இல்லை. இரண்டு எட்டு வைத்தாள். மேசை முனையும் இல்லை. சோபாவைத் தொட்டு மேசைக்கு, மேசையைத் தொட்டு அலமாரிக்கு, அலமாரியைத் தொட்டு அடுப்படிக்கு. அதுதான் அவளுடைய பாதை. இப்போது நடுவீட்டில் திக்குத் தெரியாமல் நின்றாள். ரயிலில் கத்தி காட்டியவனைக்கூடக் காதைப் பிடித்து இறக்கியவள், சொந்த வீட்டில் பயந்துபோனாள்.

"இப்ப ஃப்ரீயா நடக்கலாம்லம்மா?" என்றான் மகன், பெருமை பிடிபடாமல்.

அவள் வாய் திறப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது. உள்ளே வந்தது கோல் தட்டும் சத்தம்.

"நல்லாருக்கு! பார்வையில்லாதவரையா பாத்துட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்காங்க?" என்றாள்.

"பாக்கத் தெரிஞ்சவங்கதான் உங்களை நிறையத் தடவை பாத்துட்டாங்களேம்மா" என்றார் பயிற்சியாளர். "ஒரு காபி போட்டுத் தாங்க."

அதுதான் சோதனை என்று அவளுக்குப் புரிந்தது. நடந்தாள். சுவரில் போய் முட்டி நின்றாள். கைகள் வெறும் சுவரைத் தடவின. மகன் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டு, "பாருங்க சார், இந்த நிலைமையில எப்படித் தனியா விடறது?" என்றான். அழுதேவிட்டான். அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அவள் நினைத்தாள்.

பயிற்சியாளர் கோலால் தரையை ஒரு தட்டு தட்டினார். "வீடு காலி பண்றீங்களா? சாமானே இல்லாத மாதிரி சத்தம் கேக்குதே."

"நான்தான் சார்... அம்மா இடிச்சிக்கக் கூடாதுன்னு..."

"இடிச்சிக்கட்டும் தம்பி. தொடறதுக்கு ஒண்ணுமில்லேன்னா நாங்க எதைப் பிடிச்சிப் போறது? எது எங்க இருந்துச்சோ அங்கயே வைங்க. நான் இருக்கேன்."

கூலியாள் போய்விட்டிருந்தான். கீழே வாசலில் இருந்த காவலாளியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக மகனே மாடியேற்றினான். அவனுக்கு மூச்சு வாங்குவதை டிக்கெட்டம்மா ஆசை தீரக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் பயிற்சியாளர் அடுப்பின் திருகில், தொட்டால் தெரிகிற மாதிரி சின்னக் குமிழ்களை ஒட்டினார். வாராவாரம் வந்து தெருவில் கோல் பிடித்து நடக்கச் சொல்லித் தருவதாகவும் சொன்னார். இந்த ஆளிடம் டிக்கெட் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

எல்லாம் வந்து சேர்ந்ததும் எழுந்தாள். சோபாவின் முதுகு கைக்கு வந்தது. அடுத்து மேசை, டமாரென்று முழங்காலில்.

"அம்மா!"

"மரமண்டை! ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்க." இடுப்பால் மேசையை இடித்து அதன் இடத்துக்குத் தள்ளினாள். முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிட்டது. நேராக அடுப்படிக்குப் போனாள்.

மூன்று காபி வந்தது. பயிற்சியாளர் ஒரு வாய் குடித்தார்.

"தனியா இருக்கலாமா சார்?" என்றான் மகன்.

"தாராளமா. நீங்க அடிக்கடி வராம இருந்தா."

"வரட்டும், பெத்த பிள்ளைதானே" என்றாள் டிக்கெட்டம்மா. "வந்தா கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும்."