அந்தப் பக்கம் போனால் குறி மாறும்

நாலு மணிக்குப் பரீட்சை. மணி மூன்றாகியும் செனாய்டா அந்த ஒரே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். 7x − 4 = 3x + 20. விடை 6 என்று புத்தகத்தின் கடைசியில் போட்டிருந்தது. அவளுக்கோ ஐந்து தடவையும் ஒன்று புள்ளி ஆறுதான் வந்து தொலைத்தது.

ஒரு பக்கம் எக்ஸ் இருப்பது போதாதா? இன்னொரு பக்கமும் எவன் கேட்டான்? நாற்பத்து மூன்று வயதில் இது தேவையா என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனால் தேறினால்தான் ஊர்ச் சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதும் வேலை.

சல்சா சட்னி ஜாடியில் சாய்த்து வைத்த ஃபோனிலிருந்து அபுந்தியோ பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கணவன். எல்லை தாண்டி, சிகாகோவில் கூரை வேலைக்குப் போய் ஒன்பது வருஷமாகிறது. மெக்சிகோவில் அவர்கள் ஊரான ஹெரெஸில் யாரும் எல்லை என்றோ சிகாகோ என்றோ சொல்வதில்லை. அந்தப் பக்கம், அவ்வளவுதான்.

"ஐயோ செனா! மூணு எக்ஸை இந்தப் பக்கம் தூக்கிட்டு வந்தியே, கழிச்சியா?"

"கூட்டல்ல இருந்துச்சு, கூட்டலாவே கொண்டுவந்தேன். அதுல என்ன தப்பு?"

"எத்தனை தடவ சொல்றது! சமக்குறியைத் தாண்டினா குறி மாறும். தாண்டினது எதுவும் பழையபடி இருக்காது. மண்டையில ஏத்திக்க."

"எதுவுமா?"

"எதுவும்தான்!"

அவள் அழித்துவிட்டு மறுபடி போட்டாள். ஏழில் மூன்று போக நாலு எக்ஸ். இருபதும் நாலும் இருபத்து நாலு. ஆறு!

அபுந்தியோ சிரித்தான். "இதுக்குப் போய் இந்தப் பாடா? பரீட்சையெல்லாம் எதுக்கு? டிசம்பர்ல நான்தான் வந்துடுவேனே."

இது அவன் சொல்லும் ஒன்பதாவது டிசம்பர். செனாய்டா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பக்கமும் எக்ஸ் நின்னுக்கிட்டே இருந்தா கணக்கு தீருமாய்யா?"

"எப்படித் தீரும்? ஏதாவது ஒண்ணு நகரணும்."

"எது?"

"டிசம்பர்ல பாக்கலாம் செனா," என்றான். வந்துடுவேன் என்றது அதற்குள் பாக்கலாம் ஆகிவிட்டது.

"நீ தாண்டிப் போனவன்யா. நீ மாறினதைக்கூடப் பொறுத்துக்குவேன். ஒன்பது வருஷமா என்னை முட்டாளாக்கினியே, அதைத்தான் தாங்க முடியல."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளே ஃபோனைத் துண்டித்தாள். பென்சிலையும் அழிப்பானையும் எடுத்துக்கொண்டு பரீட்சைக்குக் கிளம்பினாள்.