நாற்பத்திரண்டு கிலோவாட்

டெஸ்மண்ட் ஹார்ஸ்ஃபால் பக்கத்து வீட்டு பெர்னார்டுடன் பேசி ஒன்பது வருஷமாகிறது. வெட்டுப்பழி குத்துப்பழி ஒன்றுமில்லை, குப்பைத் தொட்டிதான். ஒரு வியாழக்கிழமை பெர்னார்டின் தொட்டி இவர் வாசலை மறித்து நின்றது. இவர் ஒரு வார்த்தை சொல்ல, அவர் இரண்டு வார்த்தை சொல்ல, அதோடு சரி. நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனாலும் தெருவில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவார்கள். இங்கிலாந்தின் கீத்லி ஊர் வானத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வருஷத்துக்குப் பத்து மாதம் மேகம்.

அந்தச் செப்டம்பரில் டெஸ்மண்டின் மனைவி க்ளெனிஸின் புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறிவிட்டது. வாரம் ஒருநாள் அவளை ஊருக்கு வெளியே இருந்த பராமரிப்பு இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு செவிலி அவளை நாற்காலியில் உட்காரவைத்து ஷவரைத் திறந்துவிட்டாள். வெந்நீர் முதுகில் ஓங்கி அடித்தது. இருபது நிமிஷம் வலி என்பதே இல்லை. க்ளெனிஸ் வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"டெஸ், அந்த மாதிரி ஷவர் நம்ம வீட்டுல வேணும். வேற எதுவும் கேக்கமாட்டேன்."

நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். டெஸ்மண்ட் அவள் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினார். "போட்டுட்டாப் போச்சு கண்ணு" என்றார்.

அவர்கள் வீட்டு ஷவர் தூறலின் தங்கை. குற்றவாளி பதினைந்து வருஷத்துக் கிழட்டு வெந்நீர் பாய்லர்தான் என்று டெஸ்மண்ட் முடிவுகட்டி, அதே வாரம் கெய்லீயை வரச்சொன்னார். பாய்லர் வேலையில் இருபது வருஷம் கைபழகிய பெண். அவள் பாய்லரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுப்படிக் குழாயின் கீழே அளவு போட்ட குவளையை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நிமிஷத்துக்கு ஏழு லிட்டர்தான் வருது. ஷவர் நல்லா அடிக்கணும்னா பன்னெண்டாவது வேணும்."

"அப்ப பெரிய பாய்லரா மாட்டிடு."

"பாய்லர் தண்ணியச் சூடுதாங்க பண்ணும். தண்ணியப் பெத்தா போடும்?"

டார்ச்சோடு நிலவறைக்கு இறங்கிக் குழாய் வந்த வழியைத் தடவிப் பார்த்தாள். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டு வரிசையைக் கட்டிய கஞ்சன் இரண்டு வீட்டுக்கு ஒரே குழாய் போட்டிருந்தான். அது பெர்னார்டின் நிலவறையில் நுழைந்து, பிறகுதான் இங்கே வந்தது.

"அந்தப் பக்கம் உங்களுக்குன்னு ஒரு வால்வு இருக்கும். யாரோ பாதி மூடி வெச்சிருக்காங்கன்னு தோணுது. போய்க் கதவைத் தட்டுங்க. அது திறந்துட்டா சாதாரண பாய்லரே போதும்."

"வேற வழி?"

"பரண்ல தொட்டி கட்டி, கீழ வெந்நீர் டாங்க் வெச்சு, பம்பு போடலாம். படுக்கையறைக் கூரையப் பிரிக்கணும். ரெண்டு வாரம் தூசி. அவங்க அங்கதானே படுத்திருக்காங்க?" டெஸ்மண்ட் பெர்னார்டின் பக்கத்துச் சுவரை ஒருதரம் பார்த்தார். அவள் புரிந்துகொண்டாள். "வேணும்னா நான் போய்த் தட்டட்டுமா?"

"வேணாம். எங்க விஷயத்தை நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். கடையிலிருந்து ஒரு வழவழப்பான பாய்லர் விளம்பரப் புத்தகம் கொண்டுவந்தார். அதில் அருவி போல் கொட்டும் ஷவருக்குக் கீழே ஒருத்தி பல் தெரியச் சிரித்தாள். பக்கத்தில் நாற்பத்திரண்டு கிலோவாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைவிடப் பெரியது அந்தப் புத்தகத்தில் இல்லை. போனில் விற்றவன் வீட்டில் எத்தனை லிட்டர் தண்ணீர் வருகிறது என்று கேட்கவில்லை. டெஸ்மண்டும் சொல்லவில்லை.

பாய்லர் வந்து பொருத்தி முடிய அக்டோபர் கடைசி ஆனது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அதே ஏழு லிட்டர்தான் வந்தது, கொதிக்கக் கொதிக்க.

"ரொம்ப நல்லாருக்கு டெஸ்" என்றாள் க்ளெனிஸ், தூறலுக்கு அடியில் நின்றுகொண்டு. கருகின ரொட்டியைக் கொடுத்தாலும் நன்றி சொல்லித் தின்னும் ஜனங்கள் இவர்கள். இவரும் நம்பினார். நம்புவதுதான் சௌகரியமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, துண்டோடு குளியலறை வாசலில் நின்றபோது உள்ளே அவள் அழுவது கேட்டது. அப்போதாவது பெர்னார்டிடம் போயிருக்கலாம். போகவில்லை. இப்போது கதவைத் தட்டினால், குப்பைத் தொட்டியோடு பாய்லர் முட்டாள்தனத்தையும் சேர்த்து ஒப்புக்கொள்ளவேண்டும். ஷவரின் தலையை மாற்றினார். பிறகு அதையும் கழற்றி வேறொன்றை மாட்டினார். இப்படியே நவம்பர் போயிற்று.

டிசம்பரில் ஒரு காலை செவிலி வந்து மார்ஃபின் அளவை இரட்டிப்பாக்கினாள். வாசல்வரை கொண்டுவிடப் போன டெஸ்மண்டிடம், "இனிமே மாசக் கணக்கு இல்ல, நாள் கணக்குதான்" என்றாள். அவள் கார் திரும்புவதற்குள் அவர் வீட்டுச் செருப்போடு பனியில் நடந்துபோய் பெர்னார்டின் கதவைத் தட்டினார்.

பெர்னார்ட் பனியனோடு வந்து திறந்தார். "என்ன?"

"உங்க நிலவறையில ஒரு வால்வு... க்ளெனிஸுக்கு முதுகுல..."

பெர்னார்ட் மீதியைக் கேட்கக் காத்திருக்கவில்லை. இறங்கிப்போனார். கீழேயிருந்து ஒரு கிறீச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"அந்தப் பெரிய பனி விழுந்த வருஷம் குழாய் வெடிச்சப்ப மூடினது" என்று துரு படிந்த கையைப் பனியனில் துடைத்தபடி மேலே வந்தார். "பாதி திறந்துட்டு மறந்தே போயிட்டேன். ஏன்யா, ஒரு வார்த்தை வந்து சொல்லக் கூடாதா? அவளுக்குன்னா நான் மாட்டேன்னா சொல்லுவேன்?"

டெஸ்மண்ட் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார். ஷவரைத் திறந்தார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து எதிர்ச் சுவரில் அறைந்தது. எழுபத்தொரு வயது மனிதர் குழந்தை மாதிரி கூவினார். க்ளெனிஸைத் தூக்கினார். தூக்க ஒன்றும் கனமில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சூட்டைத் தன் கையில் பார்த்துவிட்டு, முதுகுப் பக்கம் திருப்பினார்.

அவள் அலறினாள்.

"கொறை டெஸ். கொறை, கொறை!"

போர்வை உரசினாலே துடிக்கும் நிலைக்கு அந்த உடம்பு எப்போதோ வந்துவிட்டிருந்தது. அவர் பதறித் திருகினார். இன்னும் என்றாள். மறுபடியும் திருகினார். பழைய தூறல் வந்த பிறகுதான் அவள் தோள் தளர்ந்தது.

"கோவிச்சுக்காத" என்றாள். "இவ்வளவு பாடுபட்டிருக்க. செப்டம்பர்லன்னா தாங்கியிருப்பேன். உனக்கு எப்படித் தெரியும், பாவம்."

டெஸ்மண்ட் அவள் முதுகில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வால்வைப் பற்றித் தனக்குச் செப்டம்பரிலேயே தெரியும் என்று அவர் அவளிடம் சொல்லவில்லை.